மஞ்சப்பையிலிருந்து பிடிஎஃப்புக்கு: வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைப்பது எப்படி?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்றாம் வருடம் மக்கர் செய்தது. வாரண்டி இன்னும் முடியவில்லை, பில்லும் பீரோவில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெற்றுத்தாள்! கடை மெஷினிலிருந்து வரும் அந்த வழவழ பில்லில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சு பூசிய தாள் அது. வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். லேமினேட் செய்து காப்பாற்றலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும்.

அன்றைக்குத்தான் அப்பா காலத்து மஞ்சப்பையைத் தரையில் கொட்டி உட்கார்ந்தேன். தனி ஸ்கேனர் எதுவும் வாங்கவில்லை, கையிலிருந்த போனே போதுமானதாக இருந்தது.

1. முதலில் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். இணையத்திலேயே கிடைப்பதை ஒதுக்கி வையுங்கள். பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி, ஆதார் மூன்றும் மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருக்கின்றன.

டிஜிலாக்கரில் பலரும் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். துறையே நேரடியாக அதில் வழங்கும் ஆவணம், 2016-இல் வந்த விதிகளின்படி அசலுக்குச் சமம். நீங்களாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றுவது வெறும் நகல்தான். ஏற்றிவிட்டோமே என்று அசலைக் கிழித்துவிடாதீர்கள்.

மிச்சத்தில் மங்கும் பில்களை முதலில் முடியுங்கள். பத்திரங்களைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும்.

2. ஸ்கேன் செய்வது

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து, கீழே வலது மூலையிலுள்ள கேமரா படத்தைத் தொடுங்கள். ஐபோனில் நோட்ஸ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் வசதி உண்டு. முன்பு எல்லார் போனிலும் இருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. இப்போது அதைத் தேடிப் போகவும் தேவையில்லை.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், கறுப்புத் துணியையோ கரும்பலகையையோ விரித்து அதன்மேல் தாளை வையுங்கள். அப்போதுதான் தாளின் ஓரத்தைச் செயலி சரியாகக் கண்டுபிடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் (சிரிக்காதீர்கள், என் முதல் பத்துப் பக்கமும் பறந்தபடிதான் பதிவாகின). போனின் நிழல் தாளில் விழாதபடி நின்றுகொள்ளுங்கள். மடிப்பு விழுந்த தாளை முந்தின இரவே கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டால் நிமிர்ந்துவிடும்.

பத்திரத்துக்கு மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். முத்திரைத்தாள் ஏ4 தாளைவிட நீளம். செயலி தானாக ஓரம் வெட்டும்போது அடியிலிருக்கும் கையெழுத்து போய்விடும். ஒவ்வொரு பக்கமும் நான்கு மூலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள், முத்திரைகளும் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்புகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கறுப்பு வெள்ளை வடிகட்டி வெளிறிய நீல முத்திரையைத் தின்றுவிடும் என்பதால் பத்திரத்துக்கும் சான்றிதழுக்கும் வண்ணம்தான். பில்லுக்குக் கறுப்பு வெள்ளை போதும். தைத்திருக்கும் நூலைப் பிரிக்கவே கூடாது.

ஒரு பத்திரம், எத்தனை பக்கமானாலும், ஒரே பிடிஎஃப். பக்கத்துக்கு ஒரு படமாகச் சேமித்தால் பிறகு வரிசை தெரியாமல் அல்லாடுவீர்கள்.

3. பெயர் வைப்பது

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். ஸ்கேன் செயலி தானாக வைக்கும் பெயரில் நானூறு கோப்பு இருந்தால், மஞ்சப்பை போனுக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நான் பின்பற்றும் முறை: வருடம்-மாதம்-நாள், பொருள், யாருடையது.

2023-04-18 வீட்டுவரி ரசீது அப்பா
2021-09-02 ஃப்ரிட்ஜ் பில்

வருடத்தை முன்னால் வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நின்றுகொள்ளும். ஃபோல்டர் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்: வீடு-நிலம், படிப்பு, மருத்துவம், வங்கி, வண்டி, பில். தமிழ்ப் பெயர் தேடலில் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் சில விண்ணப்பத் தளங்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்பதில்லை. அங்கே ஏற்றும்போது மட்டும் ஒரு பிரதி எடுத்து ஆங்கிலத்தில் பெயர் மாற்றுங்கள்.

கணினியில் கூகுள் டிரைவைத் திறந்து, கோப்பை வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால், அச்சிட்ட தமிழை எழுத்துகளாக மாற்றித் தரும். தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தில் இது பலிக்காது.

4. மூன்று இடத்தில் வைப்பது

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலருடைய சான்றிதழ்கள் பீரோவோடு நனைந்தன. அதே அறையிலிருக்கும் பென்டிரைவும் அப்படித்தான் போகும். ஒரு பிரதி போனில், ஒன்று கூகுள் டிரைவில் (15 ஜிபி வரை இலவசம்), ஒன்று அக்கா வீட்டு ஹார்ட்டிஸ்கில் என்று வையுங்கள். டிரைவில் அழித்த கோப்பு குப்பையில் 30 நாள்தான் இருக்கும், பிறகு போய்விடும். அதனால்தான் அந்த ஹார்ட்டிஸ்க்.

டிரைவ் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதி) கட்டாயம் போடுங்கள். ஜெராக்ஸ் கடை கணினியில் மெயிலைத் திறந்து பிரின்ட் எடுத்தால், டவுன்லோட்ஸில் உங்கள் கோப்பு அப்படியே கிடக்கும். வெளியேறும் முன் அதையும் அழியுங்கள். ஆதார் கேட்கிறவர்களுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் எழுத்து கலங்கிவிடும்.

5. எதைத் தூக்கிப் போடலாம்?

கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், உயில், பிறப்புச் சான்று, மதிப்பெண் சான்று இவற்றின் அசல் எப்போதும் இருக்க வேண்டும். பழைய ஈபி ரசீது, வாரண்டி முடிந்த பில், காலாவதியான வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் போகலாம், வழக்கோ கிளைமோ நிலுவையில் இல்லாவிட்டால். பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருக்கும் பக்கங்களை மட்டும் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள்.