சென்னையின் பழைய தெருவில் ஒரு சிறு வீடு: வாங்குவதற்கு முன் மதிப்பிடும் முறை

மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பகுதிகளில் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) அல்லது அதற்கும் குறைவான மனையில் நாற்பது, ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தனி வீடுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அப்படி ஒரு வீட்டைக் காட்டும்போது தரகர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "வீட்டைப் பார்க்காதீங்க சார், மனைக்குத்தான் விலை." இதில் பாதிதான் உண்மை. தளமும் சுவரும் நன்றாக இருக்கும் வீடு, அளவான செலவில் இன்னும் பல ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் தாங்கும். மறுபக்கம், இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்று நம்பி வாங்கிய மனையில் அதற்கு அனுமதியே கிடைக்காமலும் போகலாம். ஆகவே மனை, அதன் மீதான உரிமை, கட்டடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும். முதன்முறையாக வீடு வாங்குவோர் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டின் முற்றத்தையும் திண்ணையையும் கண்டு மனம் லயித்த பிறகு பத்திரத்தைப் படிப்பவர்கள், அதில் உள்ள குறையைக் குறையாகவே பார்ப்பதில்லை.

முதல் படி: மனை யாருடையது என்று அறிதல்

பழைய பகுதிகளில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை வேறொருவருடையதாகவும் இருப்பது அரிதன்று. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் பலர் உள்ளனர். அவர்கள் விற்க முன்வருவது கட்டடத்தை மட்டுமே. மனைக்கு வாடகை செலுத்தும் பொறுப்பு வாங்குபவர் மேல் வந்து விழும், அதுவும் கோயில் நிர்வாகமும் இந்து சமய அறநிலையத் துறையும் ஏற்றுக்கொண்டால்தான். தனியார் மனையில் வாடகைக்கு இருந்துகொண்டே சொந்தச் செலவில் வீடு கட்டியவர்களுக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. இந்த இரண்டு வகைகளில் ஒன்று என்று தெரிந்த உடனே, சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பார்க்காமல் ஓர் அடிகூட முன்னே செல்லக் கூடாது.

மனை விற்பவருக்கே சொந்தம் என்றால், சொத்தின் மிகப் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1975 முதலான பதிவுகளுக்கு வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை) பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேடச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் கட்டிய வீட்டுக்கு இந்தப் பழைய தேடலைத் தவிர்ப்பது பெரிய பிழை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவு செய்யாத உயிலோ, நிலுவையில் உள்ள வழக்கோ, கையெழுத்துப் போடாத ஒரு வாரிசின் பங்கோ அதில் தெரியாது.

சிறு பழைய வீடுகளில் நான் அதிகம் கண்ட சிக்கல் வாரிசுகளைப் பற்றியதுதான். தாத்தா வாங்கிய வீட்டை அவருடைய இரண்டு மகன்கள் சேர்ந்து விற்பார்கள். திருமணமாகிச் சென்ற அத்தைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கி உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் சமமான பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் பெண்களுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே செய்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற வாய்மொழி உறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை.

இரண்டாம் படி: அளந்து பார்த்தல்

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பத்திரத்தில் அரை கிரவுண்டு என்று இருந்தால் 1,200 சதுர அடி இருக்க வேண்டும். ஆனால் பழைய பத்திரத்தின் அளவும், நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள அளவும், நாடா பிடித்து அளந்தால் கிடைக்கும் அளவும் மூன்று விதமாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு நான்கு பக்கமும் அளந்து, மூன்றில் எது குறைவோ அதற்கு விலை பேசுவதே பாதுகாப்பானது.

திருவல்லிக்கேணியின் குறுகிய தெருக்களில் இரு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர் நிற்கும். அந்தச் சுவர் பொதுச்சுவரா, ஒருவருக்கு மட்டும் உரியதா என்பதைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாளை இடித்துக் கட்டினால் உங்கள் உத்தரங்கள் எதன் மேல் நிற்கும் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பிற்காலத்தில் இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி கணக்குப் போடுங்கள். உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) பொதுவாக 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி. இது ஏட்டளவு உச்சம். தெருவின் அகலம், நான்கு பக்கமும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் கழித்தால் ஒடுக்கமான மனையில் கைக்குக் கிடைப்பது குறைந்துபோகும். ஒரு கட்டடக் கலைஞரிடம் சிறு கட்டணம் கொடுத்து இந்த ஒரு கணக்கை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: தெருவின் மட்டத்தைப் பார்த்தல்

சென்னையில் பழைய வீட்டின் ஆயுளைக் குறைப்பதில் சாலைக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளில் இன்று இரண்டு படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டு சாலையின் நடுப்பகுதிக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரை தாழ்ந்திருந்தால் மழைநீர் மட்டுமன்று, சாலையில் உள்ள பாதாளச் சாக்கடை நிரம்பும்போது கழிவுநீரும் கழிப்பறை வழியாக எதிர்த்து ஏறும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்த அளவு நின்றது என்பதை விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், தெருமுனையில் துணி தேய்ப்பவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். அவர்கள் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். அதைவிடத் தெளிவான அளவு வேறில்லை. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை வீட்டுக்குச் செல்லுங்கள்.

ஜாக்கிகள் வைத்து வீட்டையே தூக்கி உயர்த்தும் வேலை இப்போது நகரில் நடக்கிறது. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய, அடியில் கான்கிரீட் பட்டையில்லாத சுவர்களுக்கு அது பொருந்துமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: தளத்தைச் சோதித்தல்

அரை நாள் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் மேலே நிமிர்ந்து பார்த்து, தளம் எந்த வகை என்று அறியுங்கள். மரக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில் நெருக்கி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நன்றாகப் பராமரித்தால் நூறாண்டு தாண்டியும் நிற்கும் கட்டுமானம் இது. கோடையில் அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே அதன் அருமை உடம்புக்குத் தெரியும்.

இந்தத் தளம் பெரும்பாலும் கட்டைகளின் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் நுழைந்து மறையும் முனைகளில்தான் கெடும். சுவரில் ஓதம் இருந்தால் முனை முதலில் மக்கும், பிறகு கரையான் ஏறும். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையின் முனையையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி நுழையாமல் நின்றால் கட்டை உறுதியாக உள்ளது. வெண்ணெய்போல் இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். அண்மையில் கட்டைகளுக்கு வண்ணம் பூசியிருந்தாலோ, பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தாலோ, இரண்டு இடங்களிலாவது திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு கட்டைகள் மக்கியிருப்பது விலையைக் குறைத்துப் பேசக் காரணம். பாதிக் கட்டைகள் மக்கியிருந்தால் தளத்தையே பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

மொட்டை மாடியிலும் நடந்து பாருங்கள். ஒழுகும் போதெல்லாம் பழைய ஓடுகளை எடுக்காமல் மேலே இன்னொரு அடுக்கு போட்டிருப்பார்கள். அத்தனை எடையும் அந்தக் கட்டைகளின் மேல்தான் இறங்குகிறது. மரத்தளத்தின் மேல் பிற்காலத்தில் ஓர் அறையோ பெரிய தண்ணீர்த் தொட்டியோ வைத்திருந்தால், பொறியாளரின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கம்பி கட்டிய கான்கிரீட் தளமாக இருந்தால் நோய் வேறு. கடற்காற்றில் உள்ள உப்பும் ஒழுகும் நீரும் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன; துரு ஏறிய கம்பி பருத்து, கீழிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கம்பி போகும் திசையிலேயே நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கறை, உப்பிய பூச்சு ஆகியவை அறிகுறிகள். நீண்ட கழியால் தளத்தின் அடிப்பக்கத்தை அடிக்கு அடி தட்டி வாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில் பூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். குளியலறைத் தளம், சமையலறைத் தளம், வெளியே நீளும் சன்ஷேடு ஆகிய மூன்றும்தான் முதலில் கெடும்.

ஐந்தாம் படி: சுவரும் விரிசலும்

பூச்சில் முடிபோல ஓடும் விரிசல்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுபோலச் செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து ஏறும் விரிசலும், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு அகலமான விரிசலும் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்து, சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். நின்றுபோன பழைய விரிசலும் இன்னும் வளரும் விரிசலும் ஒன்றல்ல.

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசி அதை மறைக்க முயன்ற வீடுகளில் நிலை இன்னும் மோசமாக இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே மேலே ஏறும். சிமென்டைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்பே பூசுவதுதான் சரியான மருந்து என்பது என் உறுதியான கருத்து.

ஆறாம் படி: மின்சாரம், குழாய், கிணறு

மர ரீப்பரில் ஓடும் பழைய வயரிங்கைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். முழுவதையும் மாற்றுவதாகவே செலவில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய எர்த் குழியும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவியும் அதில் சேர வேண்டும். துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்கும் இதே விதிதான்.

கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது அதில் தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள்; நீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 2,000ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

ஏழாம் படி: மொத்தக் கணக்கு

விளக்கத்துக்காக விலை 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் 75 லட்சத்தைத் தாண்டும்போது மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தர முடியாது. ஆக 90 லட்சம் கிடைக்கும், 30 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 10 லட்சத்து 80 ஆயிரம். பழுது பார்க்க 15 லட்சம் என்று மேஸ்திரி எழுதித் தந்தால், தேவைப்படும் ரொக்கம் 55 லட்சத்து 80 ஆயிரமாகிறது. கட்டடம் மிகப் பழையது என்று வங்கியின் மதிப்பீட்டாளர் கருதினால் கடன் இன்னும் குறையும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி இதைவிட மிக அதிகம்.

பழுதுச் செலவை இரண்டு மேஸ்திரிகளிடம் தனித்தனியே எழுதி வாங்கி, அந்தத் தாளையே முன்வைத்து விலை பேசுங்கள். வீட்டைக் குறை சொல்லிப் பேச வேண்டிய தேவையில்லை; அது விற்பவர்கள் பிறந்து வளர்ந்த வீடு.

விலை படிந்தபின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடியிருப்போர் யாரும் இல்லாமல் காலியாக ஒப்படைப்பது, எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுவது, சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டண நிலுவைகளைத் தீர்ப்பது ஆகிய மூன்றும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அளவைக்குப் பின் மனை குறைந்திருந்தால், சொத்து விவரத்தில் எழுத வேண்டியது பழைய பத்திரத்தில் உள்ள பரப்பளவையா, புதிதாக அளந்த பரப்பளவையா என்பதை வழக்கறிஞர் முடிவுசெய்த பிறகே முன்பணக் காசோலையில் கையெழுத்திடுங்கள்.