கூட்டைக் கலைக்காமல் குறிப்பெடுப்பது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில் வேலியோரப் புதர் ஒன்றில் கொண்டைக்குருவிக் கூட்டைக் கண்டேன். உள்ளே இரண்டு முட்டைகள். தினமும் காலையில் கிளையை விலக்கி எட்டிப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் கூடு காலியாக இருந்தது. எது எடுத்துப் போனதோ தெரியாது. ஆனால் நான் விலக்கி விலக்கி உண்டான சந்து மட்டும் கூட்டுக்கு வாசல் வைத்ததுபோல் திறந்து கிடந்தது. இன்றும் அது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நோட்டு, பென்சில், பைனாகுலர் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

1. பறவையைப் பாருங்கள், அதுவே காட்டிக்கொடுக்கும்

புதருக்குள் தலையை விட்டுத் தேட வேண்டாம். தள்ளி ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள். அலகில் நாரோ பஞ்சோ கொண்டு போனால் கூடு கட்டுகிறது. புழுவைப் பிடித்தும் விழுங்காமல் ஒரே திசையில் பறந்தால் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. கூட்டிலிருந்து வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வெளியே வந்தால், அது குஞ்சின் எச்சப் பை. கூட்டைச் சுத்தமாக வைத்திருக்கப் பல பறவைகள் அப்படிச் செய்யும். இவ்வளவையும் கூட்டின் அருகில் போகாமலே எழுதிவிடலாம்.

தூக்கணாங்குருவி தொடங்குபவர்களுக்கு நல்ல ஆசிரியர். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். பெட்டைக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடும் நீண்ட குழல் வாசலும் வரும். ஆகவே ஒரு மரத்தில் இருபது கூடு தொங்கினால் இருபது குடும்பம் என்று எழுதிவிடாதீர்கள். பாதிக் கூடு எத்தனை, குழல் வைத்தது எத்தனை என்று தனித்தனியே எண்ணுங்கள்.

ஆள்காட்டிப் பறவை விஷயத்தில் கவனம். அது வெறுந்தரையில் சிறு குழியில், பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கூழாங்கல்லோடு கல்லாகக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே பாய்ந்தால் அங்கேயே நின்று, காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள்.

2. எப்போது போகக்கூடாது

கூடு கட்டும்போதும் முட்டையிடத் தொடங்கிய நாட்களிலும் தொந்தரவு செய்தால் பல பறவைகள் கூட்டையே கைவிட்டுவிடும். இறகு முளைத்த குஞ்சுகள் பயந்தால், பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். இந்த இரண்டு கட்டங்களிலும் தள்ளி நின்றே பாருங்கள். மழையிலும் கடும் வெயிலிலும் தாயை எழுப்பக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். காகமோ பூனையோ கண்ணில் பட்டால் கூட்டை நெருங்காமல் கடந்து போய்விடுங்கள்.

3. எழுதுவது

ஒவ்வொரு கூட்டுக்கும் ஓர் எண், ஒரு பக்கம். தேதி, நேரம், பறவை, மரம் அல்லது புதர், தரையிலிருந்து உத்தேச உயரம், பெற்றோர் செய்தது, நீங்கள் நின்ற தூரம். இனம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

குஞ்சு பறக்காமல் தோற்றுப்போன கூட்டையும் எழுதுங்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குஞ்சு பறந்த கதைகளை மட்டும் சேர்த்தால், எல்லாம் நன்றாக இருப்பதாகக் கணக்கு பொய் சொல்லும். பிரிட்டனில் 1939 முதல் தன்னார்வலர்கள் இப்படிக் கூட்டுக் குறிப்புகளைச் சேர்த்து வருகிறார்கள். அங்கே பல பறவைகள் முன்பைவிடச் சீக்கிரமாகவே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்பது 1990களில் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் தெரியவந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அவையும் நம் நோட்டில் உள்ளதைப் போன்ற சின்னச் சின்ன வரிகள்தாம்.

4. கூடிப் பேசுவது

மாதம் ஒருமுறை நான்கு பேர் நோட்டுகளோடு உட்கார்ந்தாலும் போதும். எல்லோருடைய கூடுகளையும் ஒரே அட்டவணையில் சேருங்கள். ஒரே கூட்டை இருவர் இரண்டாக எண்ணியிருப்பது அப்போதுதான் தெரியும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், மரம் ஏறுபவர்கள் யாராவது வந்தால் முதலில் அவர்களைப் பேச விடுங்கள். எந்தப் பொந்தில் ஆந்தை இருக்கிறது, எந்தப் பொட்டலில் ஆள்காட்டி முட்டையிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. குஞ்சுகள் பறந்து போகும்வரை கூடு இருக்கும் சரியான இடத்தை வெளியே சொல்லக்கூடாது, படத்தையும் பகிரக்கூடாது. ஆசையோடு பத்துப் பேர் பார்க்கப் போனாலே அந்தக் கூடு தாங்காது.

அப்புறம், காலியான கூட்டை எடுத்துவர வேண்டாம். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் சில்லை என்னும் சிறு குருவிகள் குடியேறுவதுண்டு. அப்படிக் கண்டால் அதே கூட்டுக்குப் புது எண் போட்டு, அடுத்த பக்கத்தைத் திறங்கள்.