காணாமல் போன கமிஷன்

எங்கள் ஆன்லைன் கடைக்கு அஃபிலியேட் லிங்க் (அதன் வழியே யாராவது வாங்கினால் பகிர்ந்தவருக்குக் கமிஷன்) பகிரும் அக்கா ஒருவர், "நான் அனுப்பினவங்க வாங்கியிருக்காங்க, என் கணக்குல ஏறலையே தம்பி" என்றார். பதிவைப் பார்த்தேன். ஐபோனில் சஃபாரி பிரவுசர், லிங்க்கைத் தட்டிய 10ஆம் நாள் ஆர்டர். நாங்கள் சொல்லியிருந்ததோ, 30 நாளுக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு என்று. யார் லிங்க்கில் வந்தார்கள் என்பதை பிரவுசரில் குறித்து வைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் குக்கீயை சஃபாரி 2019 முதல் 7 நாளில் அழித்துவிடுகிறது. அவர் உழைப்பு அங்கேதான் போயிருக்கிறது. மனசு கேட்கவில்லை.

ஒவ்வொரு கிளிக்குக்கும் தரும் அடையாள எண்ணான கிளிக் ஐடியை எங்கள் சர்வரே குக்கீயாக எழுதும்படி மாற்றினேன். ஆர்டர் உறுதியானதும் அந்த ஐடி பிரவுசரை நம்பாமல் சர்வரிலிருந்து நேரே கமிஷன் கணக்கு வைக்கும் டிராக்கிங் மென்பொருளுக்குப் போகிறது; போஸ்ட்பேக் என்பார்கள். அப்புறம் சோதனை ஆர்டர் போட்டு, 9ஆம் நாள் மறுபடி வாங்கிப் பார்த்தேன். ஏறியது.

விட்டுப்போன தொகையை அக்காவுக்கு அன்றே அனுப்பினோம். இப்போது ஒவ்வொரு கிளிக்கையும் அவரே தன் கணக்கில் பார்க்கலாம்.