முதியோர் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் எங்கள் தெருவில் வசிக்கும் 78 வயதுப் பாட்டி ஒருவர், தம் வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த அன்று, அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். அடுத்த ஆண்டே, அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த மடக்குக் கட்டிலில் அவர் படுத்திருப்பதைக் கண்டேன். தலைமாட்டில் மாத்திரைகள் நிறைந்த ஒரு மஞ்சள் பை இருந்தது. "பெத்த பிள்ளை மேல யார்கிட்டப் போய்ச் சொல்றதும்மா?" என்று அவர் கேட்டார்.

சொல்வதற்கு இடம் இருக்கிறது. அதை அறியாதிருப்பதும், அறிந்தும் தாமதிப்பதும்தான் நம்மிடையே மிகப் பெரிய தவறுகள்.

பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் முதியவர் ஒருவர் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர், அந்தக் கடமையைச் செய்யத் தவறினால், அப்பத்திரம் செல்லாது என அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்க அச்சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அன்பின் பெயரால் எழுதப்படும் பத்திரங்கள் பலவற்றில் அந்த நிபந்தனை இருப்பதில்லை. நிபந்தனை இருந்ததற்கான சான்று இன்றியமையாதது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோரைக் காப்பதே நோக்கமாதலால் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. வழக்கின் போக்கை நம்பியிருப்பதைவிட, உணவு, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை வழங்க வேண்டும் என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. அப்படி எழுதக் கேட்பது பிள்ளையைச் சந்தேகிப்பது ஆகாது. எழுத்தரிடம் அதைச் சொல்லக் கூசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

புகார் என்றால் காவல் நிலையம், வழக்கறிஞர், ஆண்டுக்கணக்கில் அலைச்சல் என்று நினைத்துப் பின்வாங்குவது இன்னொரு தவறு. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் முதியவர் தாமே மனு கொடுக்கலாம். இயலாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவர் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க அது உத்தரவிட முடியும். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். பெற்றோராக இருந்தால் 60 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணை அழைத்தாலே போதும், வழி சொல்வார்கள்.

மருத்துவத்திலும் இதே தாமதம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை, நோய் வந்து படுத்த பிறகு வாங்க ஓடுகிறோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது; குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் உடல்நலம் நன்றாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். அட்டை கையில் இருந்தும், மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததுதானா, குறிப்பிட்ட அந்தச் சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் பலர். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, சில நாட்களிலேயே நினைவு தடுமாறினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவது ஆபத்து. சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, மருந்தின் விளைவோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம் கோணி, ஒரு கை தொய்ந்து, பேச்சு குழறினால், ஆட்டோ தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பாட்டியின் மஞ்சள் பையை ஒரு நாள் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். மருந்தாளுநர் ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். அரசு கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் ஒரு காகித உறையில் இருந்தது. கடையில் வாங்கிய வேறு பெயருடைய அட்டையிலும் அதே அம்லோடிபின்தான். பல மாதங்களாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அவர் கால் வீங்கியதை முதுமை என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். மருத்துவர் ஒன்றை நிறுத்தி, மீதமுள்ள மருந்துகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் 14567 என்ற எண்ணை எழுதிக்கொடுத்தேன். அதற்கு மறுவாரம், மனுவில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பாட்டியே என்னிடம் கேட்டார்.