கல்லீரல் கட்டிக்கு எம்போலைசேஷன்: போகும் முன்னும் வந்த பின்னும்

எம்போலைசேஷன், அதாவது கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் முதலில் கேட்க வேண்டியது, எந்த வகை என்பதுதான். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தக்குழாய்) வழியாகவும் மீதி தமனி வழியாகவும் வருகிறது, கட்டி மட்டும் பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. அதனால் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் கிளையை அடைத்தால் மற்ற பகுதி தாக்குப்பிடிக்கும்.

கல்லீரலிலேயே தோன்றிய புற்றுநோய்க்கு வழக்கமாகச் செய்வது டேஸ் (TACE, புற்றுநோய் மருந்தையும் சேர்த்துச் செலுத்தி அடைப்பது): டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தை லிப்பியோடால் எண்ணெயில் கலந்தோ மருந்தேற்றிய நுண்மணிகளாகவோ செலுத்துவார்கள். நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது) கல்லீரலுக்குப் பரவியிருந்தால் மருந்தே இல்லாத வெறும் துகள்கள்கூடப் போதுமானதாக இருக்கலாம். குடல் புற்று பரவியிருந்தால் இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தேற்றிய மணிகளோ இட்ரியம்-90 கதிர்வீச்சு மணிகளோ பேச்சில் வரும். இட்ரியம் என்றால் மணிகள் நுரையீரலுக்குக் கசியுமா என்று பார்க்க முன்கூட்டியே ஒரு ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படம் எடுப்பது) உண்டு, பெரும்பாலும் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும், லீவும் பயணமும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறதா, அங்கே முன்பு ஆபரேஷன் நடந்ததா (இருந்தால் கல்லீரலில் சீழ் கட்டும் ஆபத்து அதிகம்), ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) அலர்ஜி. பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) எவ்வளவு, போர்ட்டல் சிரை அடைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் கட்டியின் அளவைவிட இந்த இரண்டும்தான் பெரிய கேள்வி, ஏனென்றால் மிச்சமிருக்கும் கல்லீரல் தாங்குமா என்பதை இவைதான் காட்டும்.

முடிந்ததும் தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அப்புறம் வருவதுதான் வீட்டில் எல்லோரையும் கலங்கடிக்கிறது: வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், குமட்டல், அசதி. கட்டி செத்துப்போகும்போது இப்படி வருவது சகஜம், சில நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். காலையும் இரவும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பாராசிட்டமால் எவ்வளவு வரை போடலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்குங்கள். டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் எல்லாம் கடையில் வாங்கித் தரவே வேண்டாம், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருப்பவருக்குக் கிட்னி கெட்டுப்போகலாம்.

ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல், தணிந்து மறுபடி ஏறும் காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, கறுப்பாக மலம் போவது, பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டேஸ் செய்து 4 முதல் 6 வாரத்தில் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு குறையவில்லை என்று இருந்தால் உடைந்துபோக வேண்டாம், செத்த கட்டி உடனே சுருங்காது. கான்ட்ராஸ்ட் ஏறும்போது உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறதா என்பதைக் கேளுங்கள். பழைய ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும்.