குயில்டின் அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சுற்றியது: எனக்குச் சரியான விதம்

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி, தங்கையின் குழந்தைக்குத் தையல் மெஷினில் ஒரு குயில்ட் (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைத்துக்கொண்டிருந்தேன். மேல்பக்கம் தையல் அழகாக விழுந்தது, அடிப்பக்கம் திருப்பினால் நூல் வளையம் வளையமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

அடியில் கோளாறு என்றால் அடிநூல் சுற்றிய பாபின்தான் காரணம் என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. பாபினை மறுபடி சுற்றினேன், அது உட்காரும் கேஸைக் கழற்றித் துடைத்தேன், ஊசியை 11-ஆம் நம்பரிலிருந்து சற்றுத் தடித்த 14-க்கு மாற்றினேன், நூலும் புதுசு. ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கவனித்தது இதுதான்: மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனை 3-ல் வைத்தாலும் 8-ல் வைத்தாலும் தையலில் துளி வித்தியாசம் இல்லை. ஊசியில் கோக்காமல் மேல்நூலைக் கையால் இழுத்துப் பார்த்தேன். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கினால் நூல் இறுக வேண்டும், ஆனால் தூக்கி வைத்திருந்தபோது வந்த மாதிரியே வழுக்கிக்கொண்டு வந்தது. அதாவது நூலை நடுவில் அழுத்தும் டென்ஷன் தட்டுகள் அதைப் பிடிக்கவே இல்லை, தளர்ந்த மேல்நூல்தான் அடியில் போய்க் கொத்தாகியிருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கினேன் (அப்போதுதான் தட்டுகள் விலகும்), மெல்லிய பருத்தித் துணிப் பட்டை ஒன்றைத் தட்டுகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னுமாக இழுத்தேன். கஞ்சிப்பசையோடு உருண்ட பஞ்சுத்துகள் ஒன்று வெளியே வந்தது, பழைய புடவையின் துகளாகத்தான் இருக்க வேண்டும். குண்டூசியால் மட்டும் குத்தாதீர்கள், தட்டில் கீறல் விழுந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஃபுட் தூக்கியபடியே நூலைக் கோத்து, டென்ஷனை 4-ல் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தையல். அப்பாடா! மீதிக் கட்டங்களை அன்று ராத்திரியே முடித்துவிட்டேன்.