ஹார்டுவேர் கடையின் ஃபயர்பேர்டை ஜாங்கோவில் படிக்க வைப்பது

அண்ணாச்சி கடையில் பில் போடுவது டெல்ஃபியில் எழுதிய பழைய மென்பொருள். எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாது. சோர்ஸ் கோடும் இல்லை. கணக்கு முழுக்க ஃபயர்பேர்டு 2.5 என்ற டேட்டாபேஸில் கிடக்கிறது. "தம்பி, குடோன்ல நிக்கும்போது போன்ல ஸ்டாக் தெரிஞ்சா போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது ஜாங்கோ, பைத்தானில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு. அது நேரடியாக ஆதரிக்கும் டேட்டாபேஸ்களோ போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஐந்தைத்தான்.

ஃபயர்பேர்டுக்கு வெளியார் எழுதிய பேக்கெண்ட் (ஜாங்கோவையும் டேட்டாபேஸையும் இணைக்கும் பகுதி) உண்டு. ஆனால் எனக்கு வேண்டியது படிப்பது மட்டும். அதற்கு ஒரு சின்ன பேக்கெண்டை நாமே எழுதிக்கொள்ளலாம். டேட்டாபேஸில் எழுதும் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டால் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் கடையின் ஃபைலைத் தொடாதீர்கள். சர்வர் ஓடும்போது ஃபைலை அப்படியே காப்பி எடுப்பதும் ஆபத்து. ஃபயர்பேர்டின் ஜிபேக் என்ற பேக்கப் கருவி கொண்டு பேக்கப் எடுத்து, உங்கள் கணினியில் ரீஸ்டோர் செய்யுங்கள். அப்புறம் செலக்ட், அதாவது படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனரை உருவாக்குங்கள். அங்கே எல்லோரும் சிஸ்டிபிஏ என்ற நிர்வாகி பெயரிலும் மாஸ்டர்கீ என்ற கடவுச்சொல்லிலும்தான் நுழைந்துகொண்டிருந்தார்கள். (2.5-இல் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துதான் கணக்கு, மாஸ்டர்கீயின் கடைசி எழுத்தை விட்டாலும் கதவு திறக்கும்.)

அடுத்து, ஜாங்கோவை மறந்துவிட்டு வெறும் பைத்தானில், ஃபயர்பேர்டுக்கான எஃப்டிபி டிரைவரோடு இணைத்துப் பாருங்கள். எனக்கு இங்கேயே அரை நாள் போனது. பழைய மென்பொருளோடு வந்த கிளையண்ட் லைப்ரரி 32 பிட், என் பைத்தான் 64 பிட். 64 பிட் கிளையண்டைத் தனியாக நிறுவியதும் சரியானது.

இனி பேக்கெண்ட். ஒரு பைத்தான் பேக்கேஜ், அதற்குள் பேஸ் என்ற ஃபைல். செட்டிங்ஸில் இன்ஜின் என்ற இடத்தில் அந்தப் பேக்கேஜின் பெயர். ஜாங்கோவின் பேஸ்டேட்டாபேஸ்ராப்பர் வகுப்பிலிருந்து உங்களுடையதை வருவித்து ஓட்டுங்கள். இணைப்பு விவரம், புது இணைப்பு, கர்சர், ஆட்டோகமிட் என்று எது இல்லையோ, அந்த மெத்தட் வேண்டும் என்று பெரும்பாலும் பிழைச் செய்தியே சொல்லும். அதையே வேலைப்பட்டியலாக வைத்துக்கொண்டேன். கிரியேஷன், கிளையண்ட், இன்ட்ரோஸ்பெக்‌ஷன் மூன்றும் வெற்று வகுப்புகளாக இருந்தால் போதும்.

நிஜமாக மண்டையை உடைத்தவை மூன்று. ஜாங்கோ தரும் குவெரியில் மதிப்புக்கான இடம் சதவீதக் குறியும் எஸ் எழுத்துமாக வரும். எஃப்டிபிக்கோ கேள்விக்குறி வேண்டும். எஸ்க்யூலைட் பேக்கெண்டில் இதே மாற்றத்தைச் செய்யும் கர்சர் வகுப்பு இருக்கிறது, அதைப் பார்த்து எழுதலாம். இரண்டாவது, மேற்கோளில்லாமல் உருவாக்கிய பெயர்களை ஃபயர்பேர்டு பெரிய எழுத்தில் வைத்திருக்கும். ஜாங்கோ சின்ன எழுத்தை மேற்கோளுக்குள் போட்டு அனுப்பினால் 'டேபிளே இல்லை' என்று கைவிரிக்கும். கோட்நேம் மெத்தடில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள். மூன்றாவது, எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லும் லிமிட் என்ற சொல் அங்கே கிடையாது. லிமிட்ஆஃப்செட் மெத்தடை மாற்றி, 'ரோஸ் 1 டு 10' என்று வருமாறு செய்யுங்கள். ஜாங்கோ 0-இலிருந்து எண்ணும், இது 1-இலிருந்து. தொடக்க எண்ணோடு ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள்.

மாடல்களைக் கையால் எழுதினேன், நான்கு டேபிள்தான். மேனேஜ்டு என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், அப்போதுதான் ஜாங்கோ அந்த டேபிள்களை உருவாக்கவோ மாற்றவோ போகாது. எந்த நெடுவரிசை பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டுவது) என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஜாங்கோ தானாக ஐடி என்ற நெடுவரிசையைத் தேடி விழும். பயனர், செஷன் டேபிள்களெல்லாம் எஸ்க்யூலைட்டில் இருக்கட்டும். எந்த வேலை எந்த டேட்டாபேஸுக்கு என்று ஜாங்கோவுக்குச் சொல்லும் ரௌட்டர் வகுப்பில், கடை இணைப்புக்கு மைக்ரேஷன் (டேபிள்களை உருவாக்கி மாற்றும் வேலை) கூடாது என்று எழுதிவிடுங்கள்.

இணைப்பைத் திறந்தே வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து ஒருமுறை அப்படியே விட்டேன். காலையில் தொடங்கிய ஸ்னாப்ஷாட் பரிவர்த்தனை சாயங்காலம் வரை காலை ஸ்டாக்கையே காட்டியது. அது மட்டுமல்ல, பழைய பரிவர்த்தனை திறந்திருக்கும்வரை பழைய ரெக்கார்டு பதிப்புகளை ஃபயர்பேர்டால் துப்புரவு செய்ய முடியாது, பில்லிங்கும் மெதுவாகும். ரீட் கமிட்டட் (மற்றவர்கள் உறுதிசெய்த மாற்றங்கள் தெரியும் முறை), அதிலும் ரீட் ஒன்லி என்று பரிவர்த்தனையைத் தொடங்குங்கள்.

கடைசித் தலைவலி எழுத்துக் குறியாக்கம். டேட்டாபேஸின் கேரக்டர் செட் 'நன்', அதாவது எதுவும் குறிப்பிடவில்லை. யூடிஎஃப்-8 என்று இணைத்தால் '½ அங்குல பைப்' வரும் இடத்தில் டிகோட் பிழை, ஏனென்றால் அந்த ½ ஒற்றை பைட்டாகக் கிடக்கிறது. ஐஎஸ்ஓ 8859-1 என்று இணைத்தேன், எல்லா பைட்டும் தப்பி வந்தது. வாடிக்கையாளர் பெயர்களோ பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துருவில். 'தமிழ்' என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. காட்டும்போது யூனிகோடாக மாற்றுவது எளிது. தேடலில்தான் வழுக்கியது: பாமினியில் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. பெரிய, சின்ன எழுத்து பார்க்காத ஐகண்டெயின்ஸ் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தேடும் சொல்லைப் பாமினிக்கு மாற்றி, கண்டெயின்ஸ் மட்டும் போடுங்கள்.